அவகிட்ட கேளுங்க

என் தங்கச்சி பார்வதிக்கு முதலில் குழறியது பேச்சுதான். மலைத்தண்ணி விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு சரசு சிரித்தாள்.

"என்னக்கா, விடிஞ்சதும் ஊத்திக்கிட்டீங்களா?"

"ஊத்தியிருந்தா மூடியையாவது ஒனக்கு மோந்து பாக்கக் குடுத்திருப்பேனே" என்றாள் பார்வதி. அந்தப் பதிலும் குழறித்தான் வந்தது.

பிறகு யாரும் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயம் முழுக்க, வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு. கொழும்பில் கடை வேலை செய்யும் அவள் மகன் ரவிகூட போனில் என்னிடம், "பெரியம்மா, அம்மா குடிக்குதா?" என்று கேட்டான். தேத்தண்ணி குடித்தாலே புரையேறுது என்று சொன்னேன். உடனே புறப்பட்டு வந்துவிட்டான்.

பூண்டுலோயாவிலிருந்து கண்டிக்கு அலைந்தோம். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், தசையில் ஊசி வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், வாயைத் திறந்து நாக்கைச் சும்மா வைத்திருக்கச் சொன்னார். அது சும்மா இருக்கவில்லை. உள்ளே புழு ஓடுவது போல நெளிந்துகொண்டே இருந்தது.

"இது குடிச்சு வந்த வருத்தம் இல்லை அம்மா" என்றார். மோட்டார் நியூரோன் நோய் (தசையை அசைக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவது). "மாத்துறதுக்கு மருந்து இல்லை. ஆனா இவவுக்குக் காது கேக்கும், எல்லாம் விளங்கும். அதை மறந்திடாதேங்கோ."

மறந்துதான் போனார்கள். பேச்சு நின்றதும் காதும் போய்விட்டது என்று நினைத்தார்கள். அவளால் விழுங்க முடியாத பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து, "சீக்கிரம் போய்ச் சேந்துட்டா நல்லது" என்பார்கள். பார்வதி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாள். இவளுகளை வெளியே தள்ளு என்று அர்த்தம். எனக்கு அந்தத் தைரியம் ஏது? தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

அதற்குள் கையும் விழுந்துவிட்டது. சரி என்றால் கண்ணை மேலே தூக்குவாள். வேணாம் என்றால் மூடுவாள்.

கஞ்சி ஊட்டும்போது புரையேறினால் முதுகில் கை வைத்து முன்னால் சாய்த்துப் பிடிப்பேன். கஞ்சி இறங்காமல் உடம்பு வற்றியதும் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, அது வழியாக ஆகாரம் கொடுக்கலாம் என்றார் டொக்டர். நோய் குணமாகாது, ஆனால் பட்டினி கிடக்க வேண்டியிருக்காது என்றார்.

ரவி அழுதான். "வேணாங்க டொக்டர். போகப் போற அம்மாவ எதுக்கு வெட்டணும்? நிம்மதியா விட்டுருங்க."

அவன் கெட்டவன் இல்லை. தாயின் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் டொக்டர் குழாய் என்று சொன்னதிலிருந்தே கட்டிலில் பார்வதியின் கண் மேலே போய்ப் போய் வந்தது. அவளுக்கு வாழ வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

நான் அடுத்த ஆள் முகம் பார்த்துப் பேசாதவள். கடை, ஆபீஸ், சண்டை எல்லாம் பார்வதிதான் பேசுவாள். "அவ வேணுங்கிறா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டேன்.

"அவகிட்ட கேளுங்க!"

வார்ட்டே திரும்பிப் பார்த்தது. டொக்டர் குனிந்து, "குழாய் வைப்பமோ அம்மா?" என்று கேட்டார். கண் மேலே போனது. "வேண்டாமோ?" என்று மாற்றிக் கேட்டார். பார்வதி கண்ணை மூடவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவரை முறைத்தாள். ரவி அழுதுகொண்டே சிரித்துவிட்டான்.

குழாய் வைத்தார்கள். ஆகாரத்தை மெல்லிசாக வடிகட்ட வேண்டும், சாய்த்து உட்கார வைக்க வேண்டும், குழாயைச் சுற்றித் துடைக்க வேண்டும். வலித்த நாளும் உண்டு. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்ட நாளும் உண்டு. ரவிக்குக் கல்யாணம் முடிந்து மருமகள் காலில் விழுந்ததை அவள் பார்த்தாள். பிறகு மூச்சுத் தசை தளர்ந்தது. ஒரு காலையில், நான் அடுப்படியில் ஆகாரம் ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டாள்.

வீணாகக் கஷ்டப்படுத்தினாயே என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். குழாய் வையுங்கள் என்றோ வேண்டாம் என்றோ உங்களுக்குச் சொல்ல நான் யார்? படுத்திருப்பவரிடம் கேளுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு இப்போது காலை, மத்தியானம் என்று பொழுது கிடையாது. இன்னும், அவளுடைய ஒரு ஆகாரத்துக்கும் அடுத்த ஆகாரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் பொழுது. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது. எழும்பினால் செய்ய ஒன்றுமில்லை.

போன மாதம் நுவரெலியா பஸ்ஸில், பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்ணுக்குத் தண்ணி குடிக்கும்போது இருமல் வந்தது. நான் யோசிக்கும் முன்னே என் கை அவள் முதுகுக்குப் போய், அவளை முன்னால் சாய்த்துப் பிடித்தது. அவள் திகைத்துப் பார்த்தாள். கூச்சத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இருமல் அடங்கும்வரை கையை மட்டும் எடுக்கவில்லை.