அட்டை எடுத்துவரப் போனவர்

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் பதினாறு வருடமாக நின்றுகொண்டு, "எல்லாத்தையும் ட்ரேல வைங்க" என்று ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சொல்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ட்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் சட்டையில் குத்திய பட்டையில் இருந்தது. அதை நான் ஒரு நாளும் படித்ததில்லை.

ஆள் குள்ளம், குரல் மட்டும் நெட்டை. பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற பெரிய மனிதர்களை, "கழட்டுங்கண்ணா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்தே கழற்ற வைத்துவிடுவார். குழந்தையின் பால் புட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தாயிடம் மன்னிப்புக் கேட்கிற ஒரே ஆள் எங்கள் வரிசையில் அவர்தான். சும்மா புகழவில்லை. பயணிகள் எழுதிப்போடும் கருத்துகளைப் படித்துப் பதில் அனுப்புவது என் வேலை. 'குள்ளமான அம்மா மரியாதையாக நடந்துகொண்டார்' என்று மாதத்துக்கு நாலு சீட்டாவது வரும். மற்றவர்களைப் பற்றி வருவதை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. தலைமை அலுவலகம் அனுப்பும் அறிவிப்புகளைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, மேலாளரிடம் சுருக்கொப்பம் வாங்கி, ஊழியர் ஓய்வறைப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் படித்தோம் என்று எல்லோரும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். சுருக்கொப்பம் இல்லாவிட்டால் அது எங்கள் அலுவலகத்தில் வெறும் காகிதம். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் இதை என் மண்டையில் ஏற்றிவிட்டார். நானும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

போன வருடம் சோதனை முடிந்து வெளியேறும் இடத்தில் ஒரு கருவி கொண்டுவந்து வைத்தார்கள். இடுப்பு உயரக் கம்பம், அதன் தலையில் நான்கு பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். கரும்பச்சை பல்லைக் காட்டும், இளம்பச்சை லேசாகச் சிரிக்கும், மஞ்சள் உம்மென்று இருக்கும், சிவப்பு முகம் சுளிக்கும். 'இன்றைய சோதனை எப்படி இருந்தது?' என்று மேலே எழுதியிருந்தது. எந்த நிமிடத்தில் எந்த முகம் அமுக்கப்பட்டது என்பது என் மேசைக்கு அறிக்கையாக வந்துவிடும்.

முதல் மாத அறிக்கையிலேயே எனக்கு மூக்கில் வேர்த்தது. பிற்பகல் இரண்டு பத்துக்கு ஒரு சிவப்பு. மறுநாளும் இரண்டு பத்து, ஒரு சிவப்பு. ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை எங்களுக்கு விமானமே கிடையாது. வரிசையை மூடிக் கயிறு கட்டிவிடுவோம், ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில் வந்து யார் அதிருப்தி தெரிவிக்கிறார்கள்?

"பேய் எதாவது பயணம் போகுதாய்யா?" என்று மேலாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க, இரண்டு மணி தாண்டினால் கீழே இறங்கவே கால் கூசியது.

மூன்றாம் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. யாரோ வேண்டுமென்றே கருவியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், கண்டுபிடித்து எழுதுங்கள், ஊழியர் என்றால் வேலையிலிருந்து நீக்கப்படுவார். மேலாளர் சிரிப்பை நிறுத்தினார். கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பணிப் பதிவேட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பத்துக்குச் சிவப்பு விழாத நாள்கள் மூன்று மாதத்தில் பதினான்கு. பதினான்கும் ட்ரே அக்காவின் விடுப்பு நாள்கள். நான் நம்பவில்லை. கூட்டலில் தப்பு செய்திருப்பேன் என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு, குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். காலைப் பணி முடிந்து அக்கா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கருவியின் முன்னால் போய், அப்போதுதான் சோதனை முடித்து வந்த பயணி நிற்பது மாதிரி நின்றார். சிவப்பை ஒரே ஒரு தடவை அமுக்கினார். யாரையும் பார்க்காமல் ஓய்வறைக்குப் போனார்.

பின்னாலேயே போனேன். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம் அவரிடம் இல்லை. பென்ச்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் அக்கா, ஏன் இப்படி, உங்களைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தானே எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

"அவரு எழுதலையே தம்பி" என்றார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தின் கதையை அப்போதுதான் சொன்னார். ஊரில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. ஓடுபாதை மட்டும் மேடு என்பதால், மாட்டிக்கொண்டவர்களை மீட்பு விமானங்களில் வெளியூருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் வர முடியவில்லை. அடையாள அட்டை பார்ப்பது, பெட்டி பார்ப்பது, ஆளைத் தடவிப் பார்ப்பது எல்லாம் ஒரே மேசையில், அக்காவோடு இன்னும் இரண்டு பேர்.

காலை பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கலாம். தொப்பலாக நனைந்திருந்தார். பெட்டி, பை எதுவும் இல்லை. அக்கா சொல்வதற்கு முன்பே பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் வைத்துவிட்டார். அட்டை கேட்டபோதுதான் விழித்தார். வீட்டு மாடியில் இருக்கிறது, வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், அரை மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், ட்ரே இப்படியே இருக்கட்டும் என்றாராம். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. பெல்ட் இல்லாததால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

பன்னிரண்டு மணிக்குள் பாலம் போய்விட்டது.

ட்ரேயை அக்கா இரண்டு நாள் யாரையும் எடுக்க விடவில்லை. பிறகு பெல்ட் தொலைந்த பொருள்கள் அறைக்குப் போனது. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. காணாமல் போனவர்கள் பட்டியலை ஒட்டிய இடமெல்லாம் போய் நின்று பார்த்தாராம். முகம் தெரியும், பெயர் தெரியாது. பட்டியலில் இருந்ததெல்லாம் பெயர்கள்.

"பிழைச்சாரா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. இந்த மெஷின் வந்த அன்னைக்குத் தோணுச்சு, அவரு இங்க வந்து நின்னா எதை அமுக்குவாருன்னு. அதைத்தான் அவருக்குப் பதிலா அமுக்குறேன். அமுக்கினாதான் என்னால வீட்டுக்குப் போக முடியுது."

ஷூவை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "நானும் என்னதான் பண்ணியிருக்க முடியும்? அட்டை வேணாம்னு நோட்டீஸ் மறுநாள்தானே வந்துச்சு. அவருக்கு ஒரு நாள் பொறுக்கல. அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன்."

மறுநாள் என்று அவர் சொன்னது எனக்கு உறுத்தியது. தலையை ஆட்டிவிட்டு மேலே வந்து, மூன்று வருடத்துப் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்த அறிவிப்பு அங்கே இருந்தது. 'பேரிடர் மீட்பு விமானங்களில் பயணிப்போர் அடையாள அட்டை காட்ட வேண்டியதில்லை. பெயரும் முகவரியும் வாயால் சொன்னால் போதும்.' வந்த தேதி, அவர் வந்த அதே தேதி. மீட்பு விமானத்தின் தபால் பையில் வந்த நேரம் காலை ஒன்பது இருபது. எல்லாம் என் கையெழுத்து.

மேலாளர் அன்று வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசி செத்துக் கிடந்தது. சுருக்கொப்பம் இல்லாமல் ஒட்டினால் நாளைக்கு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது என்று, காகிதத்தைக் கோப்பில் வைத்து, மேலே துளை போடும் கருவியைப் பாரமாக வைத்தேன். மறுநாள் மேலாளர் வந்து சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் பலகையில் ஒட்டினேன். முதல் நாள் பத்தரை மணிக்குத் தண்ணீர் பிடிக்க ஓய்வறைக்குப் போனது வேறு நினைவுக்கு வந்தது. அந்தப் பலகையைத் தாண்டித்தான் போனேன், அதைத் தாண்டித்தான் வந்தேன்.

அக்காவின் வேலையையாவது காப்பாற்றலாம் என்று, பொத்தான் பழுது, தானாக அமுங்கிக்கொள்கிறது என்று அறிக்கை எழுதினேன். இந்த மாதிரி பூசி மெழுகுவதில் எனக்கு நல்ல கை. இரண்டே நாளில் ஆட்கள் வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அன்று இரண்டு பத்துக்கு அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தார். தரையில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றின் முன்னால் நின்றார். மூன்று மணிக்கு வரிசை திறந்து பயணிகள் வந்தார்கள், அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாலு மணிவரை நின்றார். மறுநாள் ஐந்து மணிவரை. அதற்கடுத்த மூன்று நாள் வேலைக்கே வரவில்லை.

நாலாம் நாள் காலையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாற்காலியை விட்டு எழாமல் அக்கா, "அட்டை?" என்றார். அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். கதவோரம் மூன்று ஆணி, மூன்றிலும் அட்டை நகல்களைப் போட்ட பிளாஸ்டிக் உறைகள், தண்ணீர் புகாதபடி வாயை ஒட்டியிருந்தது.

"மொட்டை மாடில துணி எடுக்கப் போனாலும் அட்டையோடதான் போகணும் அங்கிள். குளிக்கப் போறப்ப மட்டும்தான் இன்னும் கேக்கல" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். நான் சிரித்து வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. மகள் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் அப்போதும் தோன்றியது. மறுநாள்தான் வந்தது என்ற ஒரு பிடியை வைத்துக்கொண்டு இந்தப் பெண் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். அதையும் பிடுங்கிக்கொள்ள நான் யார்? ஆனால் செய்யாத குற்றத்துக்கு இவர் தினமும் சிவப்பு அமுக்க, செய்தவன் நான் மேலே உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். ஒன்பது இருபது, கோப்பு, தண்ணீர் பிடிக்கப் போனது, ஒன்றையும் விடவில்லை.

கீழே கடையில் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப அவரு ஏறியிருக்கலாம்" என்றார்.

"ஆமாக்கா."

"பேரை மட்டும் கேட்டிருந்தா போதும்."

"ஆமாக்கா."

அழுவார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அவரு மூஞ்சி உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன்.

"கேட்டுக்கோ."

சொல்ல ஆரம்பித்தார். இடது புருவத்தில் சின்ன வெட்டு, அங்கே முடி கிடையாது. சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் வேறு நிறம், யாரோ வீட்டில் தைத்துக் கொடுத்தது. காதோரம் ஒரு புல் ஒட்டியிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. நகமெல்லாம் சுத்தமாக வெட்டியிருந்தார். அட்டை இல்லை என்று சொல்லும்போது, தப்பு தன்னுடையது மாதிரி பாதிச் சிரிப்புச் சிரித்தார். கண்ணாடிக் கதவுவரை ஓடிப்போய், ட்ரே வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இருக்கிறது, போங்கள் என்று அக்கா கையைக் காட்டினார். எனக்கும் அதே மாதிரி கையைக் காட்டினார்.

"போதும்க்கா" என்றேன். அவர் நிறுத்தவில்லை. திரும்ப முதலிலிருந்து, புருவத்திலிருந்து சொன்னார். இந்தத் தடவை பேண்ட் என்ன நிறம், பிடித்திருந்தது எந்தக் கை என்பதையும் சேர்த்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. இடுப்பு ஒடியத் தூக்கி வந்த சுமையை இறக்கிவைக்க இடம் கிடைத்தவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். நான் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார். புதுக் கருவியும் வந்துவிட்டது. இரண்டு பத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். வீட்டில் யாரையும் அட்டை கேட்பதில்லை என்று மகள் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் சொன்னாள். அம்மா நன்றாகத் தூங்குகிறாளாம். என்னைக் கண்டால் அக்கா தலையை மட்டும் அசைப்பார். எனக்கு அதுவே அதிகம்.

என்னிடம் அட்டை எடுக்கப் போனவர் ஒன்பது இருபதுக்கு வருகிறார். காலைத் தபாலை நான் பிரிக்கும் நேரம் அது. புருவத்தில் வெட்டு, காதோரம் புல், வலது கையில் பேண்ட்டைப் பிடித்தபடி அறை வாசலில் நிற்கிறார். வந்திருப்பது எந்த அறிவிப்பாக இருந்தாலும் சுருக்கொப்பத்துக்குக் காத்திருக்காமல் ஓடிப்போய் ஒட்டிவிடுகிறேன். மேலாளர் இதற்காக இரண்டு மெமோ கொடுத்துவிட்டார், வாங்கிக்கொண்டேன். ஒட்டிவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தால் அவர் அங்கேயே நிற்கிறார். அட்டை வேண்டாம் ஐயா, உங்கள் பெயரைச் சொன்னால் போதும் என்று தினமும் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அந்தப் பாதிச் சிரிப்போடு திரும்பி ஓட ஆரம்பித்துவிடுகிறார்.