சத்தத்தைக் கூட்டச் சொன்ன அம்மா

பசறையில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது, இனி வைத்தியம் செய்து பிரயோசனமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். லீவு போட்டுவிட்டு மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே வந்துவிட்டேன். அம்மா பிழைக்கமாட்டாள் என்பது எனக்குப் புரிந்திருந்தது. வலியில்லாமல் போய்ச் சேரட்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல். அது பலித்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அம்மா வலி என்று வாய் திறந்ததே இல்லை. வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவர் உண்டு. மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு தடவையும், "பத்து விரல்ல எத்தனை விரல் அளவு வலிக்குதும்மா?" என்று கேட்பார். அம்மா ஒற்றை விரலைக் காட்டிச் சிரிப்பாள். பக்கத்தில் நின்று நானும் பெருமையாகச் சிரிப்பேன். சாதாரண வலி மாத்திரையே போதும் என்று ஆகிவிட்டது.

ஒருநாள் சாமான் வாங்க டவுனுக்குக் கிளம்பினேன். ரோட்டுக்கு நடந்துபோகும்போதே, பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். பாதி வழியிலேயே திரும்பினேன். லயத்தை நெருங்கும்போதே சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பரா வீட்டில் டிவி அலறுவது கேட்டது. சாகக் கிடக்கும் மனுஷி சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிறாள், இவர்களுக்குப் பட்டப்பகலில் நாடகம் கேட்கிறது. ஆத்திரம் தலைக்கேறியது. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். நேராக அவர்கள் வீட்டுக்குள் போனேன்.

"ஏங்க்கா, ஒங்களுக்குக் காது கேக்காதா? அம்மா தூங்க வேணாமா? அந்தச் சனியன நிப்பாட்டுங்க!"

அந்த அக்கா டிவியைப் பார்க்கவே இல்லை. சுவரோரமாகக் குந்தியிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஒங்கம்மாதான் கூட்டி வைக்கச் சொன்னுச்சு. நீ வெளிய கெளம்புனா சொவத்தத் தட்டும், நான் கூட்டி வெப்பேன். லயத்துல எல்லாருக்கும் தெரியும் தங்கச்சி. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

"எத சொல்லக்கூடாது?"

அவள் எழுந்து போய் டிவியை நிறுத்தினாள்.

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனுஷச் சத்தம் என்றே முதலில் தோன்றவில்லை. கன்று போட முடியாமல் மாடு அடித்தொண்டையில் கத்துமே, அப்படி இருந்தது. நடுவில் "ஆண்டவனே" என்று வந்த பிறகுதான் அம்மாவின் குரல் என்று தெரிந்தது. டிவி நின்றதை அவளும் கவனித்திருக்க வேண்டும், சட்டென்று சத்தம் அடங்கிவிட்டது. அப்படி அடக்க முடிந்ததுதான் கத்தியதைவிடப் பயங்கரம்.

ஓடினேன். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. என்னைக் கண்டதும் துணியை வெளியே எடுத்துவிட்டு, "பஸ் வரலியா?" என்று கேட்டாள். சிரிப்பு வேறு.

"ஏம்மா இப்பிடிப் பண்ற? மிஸ்ஸி வந்து வந்து கேக்குதே, சொன்னா என்ன?"

"சொன்னா மட்டும்? வலிக்குதுன்னு தோட்டத்து டிஸ்பென்சரியில போய் நின்னா, வேலைக்குக் கள்ளம்னு ஏசித்தானே தொரத்துவாங்க. மறுநா காலையில பேரு கூப்புடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால, நடிக்கிறாம்பாங்க. நான் ஒருநாளும் அந்தப் பேரு வாங்குனதில்ல. சாகப்போற நேரத்துலயா வாங்கணும்?"

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எந்த ஊரில்? அம்மா வேலை பார்த்த மலையில் அழுத பிள்ளைக்கு ஏச்சுத்தான் கிடைத்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவள்மேலேயே கத்தினேன். பிறகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மிஸ்ஸி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வழக்கமாக அவர் உட்காரும் கதிரையைத் தள்ளிவிட்டு, அம்மாவின் பாயோரம் கீழே உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஒங்கள வேலைக்கு அனுப்ப வரல. சொல்லுங்க, எத்தனை விரல்?"

அம்மா என்னைப் பார்த்தாள். மெல்ல இரண்டு கையையும் விரித்தாள். விரித்த கையை வெகுநேரம் மடக்கவே இல்லை.

மிஸ்ஸி டாக்டரிடம் பேசி, கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் வாங்கித் தந்தார். அதைக் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்று லயத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். "கொல்றது நோய், மருந்தில்ல. சொன்ன அளவு குடுங்க. வலி வரட்டும்னு காத்திருக்காம, நேரம் பாத்துக் குடுங்க," என்றார் மிஸ்ஸி. மலம் இறுகும் என்று அதற்கும் ஒரு மருந்து வந்தது. சுவரைத் தட்டுகிற வேலை அம்மாவுக்கு இல்லாமல் போனது.

மருந்து பிடித்த பிறகு ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தவள், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தோளை அமுக்கினாள். பயந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா செய்யுது?"

"கழுத்து வலிக்கல."

"நோய் இடுப்புலதானேம்மா?"

"இது நோய்வலி இல்லடி. கொழுந்துக் கூடைய தூக்குன வலி. நீ பொறக்க முந்தியே வந்தது." முழங்காலையும் தடவிப் பார்த்தாள். அங்கேயும் வலி இல்லை போலிருக்கிறது. என்னை ஆச்சரியமாகப் பார்த்துக் கேட்டாள்:

"ஏண்டி, நீங்கள்லாம் எப்பவும் இப்பிடித்தான் இருப்பீங்களா?"