ஃபமோடிடினை விட்டுக்கொடுக்காத பேச்சியம்மாள்

கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ் மலையேறிக்கொண்டிருந்தபோது, அங்கே மருந்துக்கடை வைத்திருந்த பேச்சியம்மாள் மாரடைப்பில் காலமான செய்தி போனில் வந்தது. இந்த மரணத்துக்கும் அவருடைய வயிற்றுக்கும் தொடர்பில்லை என்பதை, எதிரணியைச் சேர்ந்தவன் என்ற முறையில் முதலிலேயே பதிவு செய்கிறேன்.

வயிற்றுப்புண்ணுக்கான புதிய மாத்திரையை விற்கும் கம்பெனிப் பிரதிநிதி நான். ஃபமோடிடின் என்ற பழைய மாத்திரையைத் தன் கடையில் விடாமல் வைத்திருந்தவர் அவர். அதை யாரும் தடை செய்யவில்லை. அது வேலை செய்யாமலும் போகவில்லை. சந்தையில் அதற்கிருந்த ஒரே நோய், மலிவு. மலிவானதைப் புகழ்ந்து ஊர் ஊராகப் போக எந்தக் கம்பெனியும் ஆள் வைப்பதில்லை.

"புதுசும் நல்ல மருந்துதான் தம்பி, யாருக்கு வேணுமோ டாக்டர் எழுதட்டும். பழசை எழுதி வாங்கிட்டு வர்றவங்கள நான் எதுக்குத் திருப்பி அனுப்பணும்?" என்பார்.

முதல் வருடம் எங்கள் மாத்திரையை அடுக்கப் பளபளவென்று ஒரு ஸ்டாண்டு கொடுத்தேன். மேலதிகாரியை அழைத்துப் போய்க் காட்டியபோது அதில் ஃபமோடிடின் நிறைந்திருந்தது.

"ஸ்டாண்டு அம்சமா இருக்கு சார். இன்னொண்ணு கெடைக்குமா?" என்றார் பேச்சியம்மாள்.

போன வருடம் ஃபமோடிடின் விஷயத்தில் மொத்த வியாபாரி கையை விரித்தார். "ஒங்க ஒரு கடைக்காக இதை எறக்க முடியாதுக்கா." வெறும் வயிற்றில் பாலில்லாத கட்டன்சாயா குடித்துவிட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களில் பலருக்கு அந்த மாத்திரைதான். இனி அதற்காக அவர்கள் வேலையை விட்டு மலையிறங்க வேண்டும். பேச்சியம்மாள் ஷட்டரை இறக்கிவிட்டு நேராகப் போட்டிக் கடைகளுக்குப் போனார்.

"எந்தா சேச்சி, சமாதானமா?" என்று கேட்டார் எதிர்க்கடை ஜோஸ்.

"சண்டையை நாளைக்கு வச்சுக்கிருவோம். இன்னைக்கு நீங்களும் இந்த மாத்திரைக்கு ஆர்டர் போடுங்க."

எல்லாரும் போட்டார்கள். மறுநாள் சண்டையும் நடந்தது.

இறுதிச் சடங்குக்கு மாலையோடு வந்த மொத்த வியாபாரி, ஜோஸின் காதோரம், "இனிமே அந்த மாத்திரையை நிறுத்திரலாம்ல?" என்றார்.

"சேச்சிதான் போனாங்க. தோட்டத்துல யாருக்கும் வயிறு சரியாயிடல. அனுப்பும்" என்றார் ஜோஸ், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஊர்வலத்துக்காகப் பாதி இறக்கியிருந்த ஷட்டர்கள், பறை ஓய்ந்ததும் மேலே ஏறின. ஜோஸ் கடைக்கு முதலில் வந்த தோட்டத்து அம்மா சீட்டை நீட்டினார். ஃபமோடிடின். கிடைத்தது.

போய் வாருங்கள், பேச்சியம்மாள். குமுளியில் நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை.