பதினோராம் முளைக்குப் பக்கத்தில்

நித்தியானந்தன் பொய் சொல்லுகிற ஆள் அல்ல. சொல்லத் தெரிந்திருந்தால் இன்னும் பெரிய பதவியில் இருந்திருப்பார். அதனால் இதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் நடுச்சாமம் வராது, சுடுகாடு வராது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். பகல்தானே என்று தைரியமாக வாசிக்கத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

1976 ஆகஸ்ட். மெல்பேர்ணில் குளிர் எலும்பைத் தொடும் மாதம். நகரத்துக்குக் கிழக்கே இரண்டு மணித்தியாலப் பயணத்தில் இருக்கும் மலைக்காட்டுக்கு இரண்டு தமிழர்கள் மண் பார்க்கப் போனார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து நித்தியானந்தன். மற்றவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வெங்கட்ராமன். இருவருமே மண் ஆய்வாளர்கள், இருவருமே தற்காலிகம். நிரந்தர வேலை ஒன்றுதான் இருக்கிறது, இந்த வேலையை யார் சுத்தமாகச் செய்கிறாரோ அவருக்கு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் கையில் கிடைத்தால்தான் நித்தி தன் மனைவி விமலாதேவியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கூப்பிடலாம். அவர் அந்தப் பிள்ளையை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை.

வேலை இதுதான். மரம் ஏற்றும் லொறிகளுக்காக ஒரு பாதை போட வேண்டும். அது காட்டுக்குள் தண்ணீர் வடியும் ஒரு நீண்ட பள்ளத்தைக் கடக்கிறது. பள்ளத்து மண் பாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஐம்பது மீற்றருக்கு ஒரு மரமுளை அடித்து, ஒவ்வொரு முளையடியிலும் ஓகரால் துளை போட வேண்டும். ஓகர் என்றால் மேலே குறுக்குக் கைப்பிடியும் அடியில் திருகு முனையும் உள்ள இரும்புக் கோல். அரைச் சுற்றுத் திருப்பி, கை மாற்றி, மறுபடி அரைச் சுற்று. இருபது சென்ரிமீற்றருக்கு ஒருதரம் வெளியே இழுத்து, வந்த மண் துண்டை வரிசையில் வைக்க வேண்டும். மேல்மண் முளைக்குப் பக்கத்தில், அடிமண் கடைசியில். உலகம் முழுக்க மண்காரர்கள் அப்படித்தான் வைப்பார்கள். நித்தி பள்ளத்தின் கீழ்முனையிலிருந்து மேலே வந்தார். வெங்கட் மேல்முனையிலிருந்து கீழே வந்தார்.

அந்த மண் ஒரு தினுசானது. எப்போதோ அணைந்துபோன எரிமலையின் மண். மேலே கரிபோலக் கறுப்பு. கையில் எடுத்தால் பாரமே இராது. விரலால் நசுக்கினால் முதலில் கட்டியாக நிற்கும், பிறகு திடீரென்று தண்ணீராய் வழியும். விட்டால் மறுபடி இறுகும். முழங்கால் ஆழத்துக்குக் கீழே எப்போதும் நீர் நிற்பதால் காற்றுப் படாமல் நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் அரை மணித்தியாலத்தில் மேல்தோல் துருப்பிடித்ததுபோலச் சிவக்கத் தொடங்கும். எது எத்தனை நேரம் வெளியே கிடந்தது என்று பழகிய கண்ணுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.20. நித்தி ஏழாம் முளைக்குத் திரும்பி வந்தபோது அவர் போட்ட துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை இருந்தது. பாசியின் மேல் ஏழு மண் துண்டுகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஆனால் தலைகீழாக. நீல அடிமண் முளைக்குப் பக்கத்தில், கறுப்பு மேல்மண் கடைசியில்.

வெங்கட்ராமன்தான் என்று நித்தி உடனே முடிவுகட்டினார். வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் காட்டில் ஓகர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தன்னைக் குழப்பிப் பதிவைத் தலைகீழாக எழுத வைத்து, மேலதிகாரி முன்னால் மானத்தை வாங்கப் பார்க்கிறார். அப்படி நினைத்ததும் மனம் கொதித்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் சுதாரித்துக்கொள்வார் என்று பேசாமல் இருந்தார்.

அன்று பின்னேரம் தங்கியிருந்த மரக்குடிசையில் நித்தி முதலில் பார்த்தது வெங்கட்டின் சப்பாத்துகளைத்தான். அவற்றில் நீலமண் ஒரு பொட்டுக்கூட இல்லை. கழுவிவிட்டார், கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டார். சந்தேகம் வந்துவிட்டால் சுத்தமான சப்பாத்தும் சாட்சிதான்.

சோறு போட்டுக்கொண்டே வெங்கட் கேட்டார். "சார், நீங்க மேலே என் பக்கம் வந்தீங்களா? என் முளைக்குப் பக்கத்துல யாரோ ஓட்டை போட்டிருக்காங்க."

"நான் ஏன் அங்க வாறன்? எனக்கு என்ர வேலையே கிடக்கு."

வெங்கட் சரி என்று தலையசைத்தார். நித்திக்கு அது நல்ல நடிப்பாகப் பட்டது. அதன்பின் இருவரும் தங்கள் பதிவேடுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார்கள்.

புதன்கிழமை ஒன்பதாம் முளையில் அதே கதை. அன்று மத்தியானம் சாமான் கொண்டுவரும் வான் வந்தது. நித்தி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி அதில் கொடுத்தனுப்பினார். வெங்கட்ராமன் தன் வேலையைக் கெடுக்கிறார் என்று நேரடியாகவே எழுதியிருந்தார். வான் வளைவில் மறையும்போது, கூப்பிட்டு நிறுத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தார். விமலாதேவியை நினைத்துக்கொண்டார், சரியாகிவிட்டது.

வியாழக்கிழமை. ஆகஸ்ட் 19.

காலையில் வெங்கட் எழும்புமுன்னே புறப்பட்டிருந்த நித்தி, கையும் களவுமாகப் பிடிப்பதென்று தீர்மானித்து, வேலையைக் கீழே விட்டுவிட்டு, ஏழு, ஒன்பதுக்கு அடுத்து வரவேண்டிய பதினோராம் முளைக்கு நேரே ஏறினார். மூடுபனி இறங்கியிருந்தது. மரம்போல உயர்ந்த பெரணிகளான மரப்பன்னங்களின் ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. அட்டைகூட ஏறவில்லை. அதை அப்போது அவர் யோசிக்கவில்லை.

2.25. முளை தெரிந்தது. பக்கத்தில் துளை. ஏழு துண்டுகள், தலைகீழ் வரிசையில்.

மண் இன்னும் ஈரம். ஆள் கிட்டத்தில்தான் நிற்க வேண்டும். "மிஸ்டர் வெங்கட்ராமன்" என்று கூப்பிட்டார்.

குனிந்து துண்டுகளைப் பார்த்தார். ஏழில் நான்கு நீலம். ஆழமான துண்டின் தோல் நன்றாகச் சிவந்திருந்தது. அதற்கு அடுத்தது கொஞ்சம் குறைவு. அதற்கும் அடுத்தது லேசாக. நான்காவது, எண்பது சென்ரிமீற்றர்த் துண்டு... இன்னும் துளிகூடச் சிவக்காத நீலம். இப்போதுதான் காற்றைக் கண்டிருக்கிறது.

இரண்டாம் முறை பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார்.

அடிமண் முதலில் வெளியே வந்திருக்கிறது. மேல்மண் கடைசியில். யாரும் வரிசையை மாற்றி வைக்கவில்லை. வந்த ஒழுங்கில்தான் வைத்திருக்கிறார்கள்.

மேலே நின்று தோண்டுகிறவனால் அது முடியாது.

துளையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பாசி உள்ளே அமுங்கியிருக்கவில்லை. வெளிப்பக்கமாக மடிந்திருந்தது...

ப்ளக்.

ஓகரை ஈரமண்ணிலிருந்து இழுக்கும்போது வருகிற சத்தம். அவருக்கு அது தன் மூச்சைப்போலப் பழக்கம். ஆனால் அது காலுக்குக் கீழே கேட்டது.

2.38. நிலம் மெல்ல அதிர்ந்தது. கட்டியாக இருந்த மண் தண்ணீராயிற்று. சப்பாத்துகள் கணுக்கால்வரை இறங்கின.

ப்ளக்.

2.40. அவருடைய வலது காலுக்கு ஒரு சாண் முன்னால் பாசியில் ஒரு வட்டம் தெரிந்தது. அது திரும்பியது. அரைச் சுற்று. நின்றது. மறுபடி அரைச் சுற்று. நின்றது.

கை மாற்றும் இடைவெளி.

கீழேயிருந்து ஒரு குரல் வந்ததா, தண்ணீர் முனகியதா... அவருக்குத் தெரியாது.

காலை உருவினார். ஓடினார்.

குடிசைக்கு வந்தபோது மணி 3.05. உள்ளே வெங்கட்ராமன் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். காய்ச்சல். விடியவே வானோடு திரும்பி வந்து அடுப்படியில் இருந்த சாரதி பில், வெங்கட் காலையிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லை என்றான். நித்தி அங்கேயே கதிரையில் இருந்துவிட்டார். கடிதம் நேற்றே போய்விட்டது.

அடுத்த கிழமை விசாரணை நடந்தது. மேலதிகாரி அதிகம் கேட்கவில்லை, அவருக்கும் ஒருவரைக் கழிக்க வேண்டியிருந்தது. அறைக்குள் போகுமுன் வெங்கட் நித்தியை ஓரமாக அழைத்தார்.

"நான் கீழே வரவே இல்லை. அது உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னா போதும், சார்."

"என்னால ஒண்டும் செய்யேலாது" என்றார் நித்தி.

செய்திருக்கலாம். கடிதம் தவறு என்று ஒரு வரி போதும். அப்படியானால் யார் தோண்டியது என்று கேட்பார்கள். கண்டதைச் சொன்னால் பைத்தியம் என்று இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். இப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெங்கட்ராமன் போனார். ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1977 தை மாதம் விமலாதேவியும் பிள்ளையும் மெல்பேர்ண் வந்து சேர்ந்தார்கள். பெப்ரவரியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெங்கட்டின் அக்கா நாகலட்சுமி எழுதியிருந்தார். தம்பி கடைசியாக ஒக்ரோபரில் எழுதினானாம். தன்மேல் வந்த பழி பொய் என்று நிரூபிக்க அந்தக் காட்டுக்குத் தனியாகப் போகப் போவதாகச் சொல்லியிருந்தானாம். பிறகு தகவல் இல்லையாம். கூட வேலை செய்தவர் நீங்கள்தானே, அவன் எங்கே என்று கேட்டிருந்தார். நித்தி அதற்குப் பதில் போடவில்லை.

1979 மார்ச்சில் பாதை வெட்டினார்கள். பள்ளத்தில் ஒன்றரை மீற்றர் ஆழத்தில் புல்டோசர் ஓர் ஓகரில் முட்டியது. அது நட்டுக்கு, செங்குத்தாய் நின்றது. திருகு முனை மேலே, கைப்பிடி கீழே. பிடித்தபடி ஒருவர் இருந்தார். காற்றுப் படாத மண் அவரைக் கெடாமல் வைத்திருந்தது.

அடையாளம் சொல்ல நித்தியைக் கூப்பிட்டார்கள். சொன்னார். பிறகு பொலிஸ்காரர் மெழுகுத்துணியில் சுற்றிய பதிவேடு ஒன்றை நீட்டினார். பென்சில் எழுத்து, வெங்கட்டின் கை. கடைசிப் பக்கத்தில் ஆள் திகதியைப் பிழையாகப் போட்டிருக்கிறார் என்றார் பொலிஸ்காரர். ஒக்ரோபருக்குப் பிறகு செத்தவர் 1976 ஆகஸ்ட் 19 என்று எழுதியிருக்கிறார்.

நித்தி அந்தப் பக்கத்தை வாசித்தார்.

140, நீலம். 120, நீலம். 100, நீலம். 80, நீலம். 60, பழுப்பு. 40, கறுப்பு. 20, கறுப்பு.

அதற்குக் கீழே ஒரு குறிப்பு.

2.40. மேலே ஒருவர் நிற்கிறார். கூப்பிட்டேன். ஓடிவிட்டார்.