தின்ஜுப் பை

மாப்பிள்ளை கைப்பேசியை முழங்காலில் வைத்துக்கொண்டு, வந்த குரல்செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போதுதான் டயாலிசிஸ் முடிந்து வந்து, இடது கையில் பிளாஸ்திரியோடு வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கரங்கானிலிருந்து ஒரு மலாய்க்காரர் பேசியிருந்தார். 'பேக் தின்ஜு' தைத்துத் தர முடியுமா, ஒன்றிரண்டு இல்லை, ஒரு லோரி நிறைய வேண்டும் என்றார். அந்தத் 'தின்ஜு' என் காதில் 'தினுசு' என்று விழுந்தது.

"என்னா தினுசு பேக்காம் மாப்ளே?"

"தினுசு இல்ல அத்தே, தின்ஜு. பாக்ஸிங். குத்துச்சண்டைக்காரங்க பேக்கு."

"குத்து வாங்கினவன அள்ளிப் போட்டுக் கொண்டு போறதுக்கா?"

சிரித்துவிட்டார். சிரித்தால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் அப்போதெல்லாம் நான் அவரை அளந்துதான் சிரிக்க வைப்பேன். மாமியார் மருமகனிடம் வாய் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தில் பழைய வழக்கம். மகளுக்குக் கல்யாணமான புதிதில் நானும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன். தாமான் குடியிருப்பின் சின்ன வீட்டில் இருப்பதே இரண்டு கதவு, அதில் ஒன்று கழிவறைக்கு. எத்தனை நாள் அங்கே நிற்பது?

மாப்பிள்ளை கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சாயங்காலமானால் சுங்கை லாலாங் பள்ளித் திடலில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது தொழிற்சாலையும் கைவிட்டது. கம்பு பிடித்த கையில் டயாலிசிஸ் ஊசி குத்த நரம்பை வெட்டி ஒட்டினார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, வீசக் கூடாது என்று கட்டளை. திடலுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் வந்து சொன்னார்: "அத்தே, அப்பன்காரனுங்க மோட்டார்ல புள்ளையப் பின்னால ஏத்திட்டுப் போறானுங்க. கம்பு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கு. எவன் கண்ணையாவது நோண்டிடும். முதுகுல மாட்டற மாதிரி நீளமா பேக்கு தச்சா வாங்குவானுங்க."

எங்கள் வியாபாரம் அப்படிப் பிறந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த என் பழைய மெஷினைத் தூசி தட்டினோம். அவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன், மகள் வேலை விட்டு வந்து வார் கோப்பாள். சிலம்பப் பைகள் போயின. பிறகு மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலையான சீலாட் ஆடுகிறவர்களின் உடுப்புக்கு, தேக்குவாண்டோ பிள்ளைகளின் நெஞ்சுக் கவசத்துக்கு என்று ஒவ்வொரு பையாகக் கேட்டார்கள். சோற்றுக்கு ஆகும், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

மாப்பிள்ளையின் மனதில் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. என் மகள் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை நிறுத்த வேண்டும். அவளும் கூலிமில்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நாள் முழுக்கக் கணினிச் சில்லு பார்க்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும் இவரைச் சுங்கைப் பட்டாணிக்கு டயாலிசிஸுக்கு ஏற்றிப் போவாள். ஊசி ஏறுகிற நேரத்தில் இவள் பெஞ்சில் வாய் திறந்து தூங்குவாள். "நா சாவறதுக்கு முன்ன அவ ஒருநாளாச்சும் கட்டில்ல படுத்துத் தூங்கறதப் பாக்கணும் அத்தே," என்பார். "அதுக்கு ஏன் சாவணும், பகல்லயே பாக்கலாமே," என்பேன்.

அதனால்தான் கரங்கான் ஆர்டர் வந்ததும் வீட்டில் பொங்கல் வந்த மாதிரி ஆனது. மகள் வேலையை விட்டு நின்றாள். அவரே நிற்கச் சொன்னார்.

மாப்பிள்ளை மலாய் பேசினால் மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். தவறு மலாயில் இல்லை. சிலம்பப் பை என்றால் சிலம்பம் வைக்கிற பை. சீலாட் பை என்றால் சீலாட் உடுப்பு வைக்கிற பை. அப்படியானால் தின்ஜுப் பை? கையுறையும் தலைக்கவசமும் சப்பாத்தும் வைக்கிற பை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நெஞ்சு உயரம் வேண்டும் என்றார் அந்த மனிதர். பாக்ஸிங்காரனுக்குச் சாமான் அதிகம் என்று எடுத்துக்கொண்டோம். மேலே தொங்கவிட வலுவான வார் வேண்டும் என்றார். நல்ல ஒழுங்கான ஆள், பையைத் தரையில் போட மாட்டார் என்று மெச்சிக்கொண்டோம். நாங்களாக யோசித்து, பக்கவாட்டில் நீள ஜிப் வைத்தோம். வேர்வை நாற்றம் போக வலைத்துணி வைத்தோம். தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு பாக்கெட்டும் வைத்தோம். அந்தப் பாக்கெட் என் யோசனை.

ஆர்டர் கொடுத்த அந்த மலாய்க்காரர், பாக்ஸிங் கோச், தானே லோரியில் வந்தார். நடுவயது, அமைதியான மனிதர். ஒரு பையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். ஜிப்பைத் திறந்தார், மூடினார். போத்தல் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாங், பேக் பாஜு லா." அண்ணே, இது துணி வைக்கிற பை.

மாப்பிள்ளைக்கு அப்போதும் பிடிபடவில்லை. கோச் எங்கள் கொடியில் கிடந்த துணிகளை அனுமதி கேட்டு அள்ளிப் பையில் திணித்தார். வாசல் ஜம்பு மரக் கிளையில் தொங்கவிட்டு ஒரு குத்து விட்டார். ஜிப் வாய் பிளந்தது. என் கைலியும் மகளின் பாவாடையும் தரையில் கொட்டின. குத்துவதற்கென்றே ஒரு பை உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் கேலியாகச் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று திரும்பினேன். மாப்பிள்ளை என் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து என் கைலியைப் பொறுக்கினேன்.

கோச் கோபப்படவில்லை. கெட்டிக் கித்தானில் ஜிப் இல்லாமல் தைத்து, பழந்துணி அடைத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றார். அடைக்கிற துணியில் பொத்தான், கொக்கி எதுவும் இருக்கக் கூடாது, குத்துகிறவன் கை போய்விடும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் கித்தானை என் மெஷின் தொடாது, ஊசி முறியும். மகள் மறுபடி தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. ஏஜெண்டு மூலமாக இராத்திரி ஷிப்ட் மட்டும்தான் கிடைத்தது. பழையபடி பஸ் ஏறினாள். முன்பாவது பகலில் ஏறினாள்.

மாப்பிள்ளை கோணி ஊசி வாங்கி வந்தார். நைலான் நூலில் மெழுகு தேய்த்து, லோரி மூடுகிற கித்தானைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தார். எந்தக் கையை அசைக்கக் கூடாது என்றார்களோ அந்தக் கையால் கித்தானை இறுக்கிப் பிடித்தார்.

"கை வீங்குது மாப்ளே."

"வீங்கட்டும் அத்தே. குத்துற பேக்கு தைக்கறவன் குத்துக்குப் பயப்படலாமா?"

"பேசறதுக்குக் கொறச்சல் இல்ல."

"உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்."

டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் தைத்தார். ஒவ்வொரு பையாக முடிந்தது. கடைசிப் பையில் இருந்தபோது ஒரு பகல், அவர்கள் பிள்ளை, என் பேத்தி, பள்ளிக்கூடம் போயிருந்தாள், மகள் ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் கருவாடு போட்டேன். "அத்தே, சட்டிய உருட்டாதீங்க, அவ தூங்கட்டும்," என்றார். குழம்பு கொதித்ததும் சாப்பிடக் கூப்பிட வந்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊசி கித்தானில் பாதி இறங்கி நின்றது. தொட்டுப் பார்த்தேன். இருதயம் நின்றுவிட்டிருந்தது.

மகளை உடனே எழுப்பவில்லை. கட்டிலில் ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்து, குறட்டைகூட விட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் புருஷன் இருக்கிறவளாகத் தூங்கட்டும் என்று அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுப்பினேன்.

கருமாதியன்று அவர் துணிகளை ஆற்றில் விடச் சொன்னாள் அவருடைய அக்கா. மகள் தரமாட்டேன் என்றாள். கடைசிப் பைக்கு அடைப்பதற்குத் துணி போதாமல் இருந்தது. தொழிற்சாலைச் சட்டை, சிலம்ப உடுப்பு, கைலிகள், எல்லாவற்றையும் முன்னால் போட்டு, பொத்தானையும் கொக்கியையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். கல்யாணப் பட்டு வேட்டியை மட்டும் நான் ஒளிக்கப் பார்த்தேன். பிடுங்கி அதையும் திணித்தாள். முழங்காலை வைத்து அழுத்தி அழுத்தித் திணித்தாள். பையின் வாயைக் கோணி ஊசியால் நான் தைத்தேன். கோச் வந்து எல்லாப் பைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். உள்ளே என்ன என்று கேட்டார். "காயின்," என்றாள் மகள். துணி என்று அர்த்தம். பொய் இல்லை.

கோச் சொல்லி இன்னும் பலர் பை கேட்டு வந்தார்கள். கித்தான் தைக்கிற பெரிய மெஷின் வாங்கினோம். மகள் இப்போது கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை. இராத்திரி கட்டிலில் படுக்கிறாள், ஆனால் தூங்குவதாகத் தெரியவில்லை.

போன மாதம் பை அடைப்புக்குப் பழந்துணி கொடுக்கக் கரங்கானுக்குப் போனோம். கோச் பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிற கடையின் இரும்புக் கதவு பாதி ஏற்றியிருந்தது. உள்ளே பிள்ளைகள் தொம் தொம்மென்று குத்திக்கொண்டிருந்தார்கள். வரிசையாக நாங்கள் தைத்த பைகள். எல்லாம் ஒரே பச்சை.

"எதும்மா அவரு?" என்றாள் மகள்.

உள்ளே போனால் என் கோணல் தையலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். போகவில்லை. "எதைக் குத்தினவங்க கைய ஒதறறாங்களோ அதுதான்," என்றேன்.

நின்று பார்த்தோம். மூலையில் ஒரு மலாய்ப் பெண்பிள்ளை ஓங்கிக் குத்திவிட்டு, முகத்தைச் சுளித்துக் கையை உதறினாள்.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு குத்துக்கும் மகளின் விரல்கள் என் கையில் இறுகின. அங்கேயே நின்றோம்.