அப்பா குடித்த மூன்று பாட்டில் தண்ணீர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, பரீட்சை எழுதி, வெளியே வந்த முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. கணிதம். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். அன்று நர்ஸிடமும் சொன்னேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். விளாத்திகுளம் பக்கம் கரிசலில் மிளகாய் போடுகிறவர். சிறுநீர் சிவப்பாகப் போவதை வெயில் சூடு என்று நினைத்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அது திரும்ப வராமலிருக்க, வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் குழாய் வழியே பைக்குள் மருந்து ஏற்ற வேண்டும். மருந்து பிடிக்காவிட்டால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே ஒரு பையை மாட்டவேண்டி வரலாம் என்றார் டாக்டர். புற்றுநோய் என்ற சொல்லுக்கு அசையாத அப்பா அதற்கு அசைந்தார். "பையத் தொங்கப் போட்டுக்கிட்டு காட்டுல குனிய முடியுமாட்டி?" என்று என்னிடம் கேட்டார்.

நர்ஸ் மேஜையில் இரண்டு கட்டுத் தாள்கள் இருந்தன.

"என்ன செய்யணும், செய்யக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கு. தமிழ்ல வேணுமா, இங்கிலீஷா?"

"இங்கிலீஷே குடுங்க சிஸ்டர். நான் எம்.எஸ்ஸி."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம் மக எல்லாம் பாத்துக்கிடுவா."

வீட்டில் தாளைப் பார்த்தேன். படித்தேன் என்று சொல்லக் கூடாது, பார்த்தேன். அடியில் தடித்த எழுத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கும்படி போட்டிருந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்பா பின்பா என்ற வரியை என் கண் தாண்டிப் போய்விட்டது. கணக்கில் இப்படி வரி தாண்டுகிற பிள்ளைகளை நான் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் கோவில்பட்டியில் பஸ் ஏறியதுமே தொடங்கினேன். கயத்தாறு வருவதற்குள் ஒரு பாட்டில். கங்கைகொண்டானில் இரண்டாவது.

"போதும்ட்டி. வயிறு கம்மாய் மாதிரி கெடக்கு."

"தாள்ல போட்டிருக்குப்பா. குடிங்க."

மூன்றாவதை ஆஸ்பத்திரி வாசலில் முடித்தார்.

மருந்தை ஏற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், கால் மணிக்கொரு தடவை புரள வேண்டும் என்று சொல்லிப் போனார் நர்ஸ். அப்பா இடது பக்கம் புரண்டார். வலது பக்கம் புரளும்போதே முகம் மாறிவிட்டது. பல்லைக் கடித்தார், கட்டில் கம்பியைப் பிடித்தார். அரை மணிகூட ஆகவில்லை, எழுந்து ஓடினார். மருந்து அத்தனையும் கழிப்பறையில் போனது.

நர்ஸ் வந்தார். "நாலு மணி நேரத்துக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்தணும்னு போட்டிருக்கே. யாரு அண்ணாச்சி குடிக்கச் சொன்னா?"

காலி பாட்டில் என் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நாந்தான் குடிச்சேன் தாயி," என்றார் அப்பா. "எம் மக வேண்டாம்னுதான் சொன்னா. காட்டுல கெடக்கவனுக்கு என்ன தெரியும்?"

வாயை மூடிக்கொண்டேன். நர்ஸ் அவரைத் திட்டத் திட்ட, எம்.எஸ்ஸி. கணிதம் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தைச் சேர்க்க முடியாது, கடைசியில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். என்னால் அப்பாவுக்கு ஒரு குழாய் அதிகம். கிளம்பும்போது நர்ஸ் மேஜையிலிருந்து தமிழ்த் தாள் ஒன்றை யாரும் பார்க்காமல் எடுத்துப் பைக்குள் வைத்தேன். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்.

அடுத்த ஆறு வாரமும் அப்பா இரண்டு மணி நேரம் அடக்கினார். அதற்குப் பிறகுதான் எரிச்சல். "பழம் பறிச்ச கையோட அங்கன தொட்ட மாதிரி இருக்குட்டி" என்பார். மிளகாய்க் காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் அடுப்பெரிக்கப் பருத்திமார்க் குச்சிகளை அடுக்கி வைத்திருந்த கழிப்பறையைக் காலி செய்தோம். மருந்திலிருக்கும் கிருமி சாவதற்காக, தாளில் போட்டிருந்தபடி, அவர் போய்வரும் ஒவ்வொரு தடவையும் ஊற்ற, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியோடு நான் வெளியே நிற்பேன்.

"இதுக்கும் பரீட்சை உண்டாட்டி?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை முயன்றேன். "யப்பா, அன்னைக்கு..." என்பேன். அவர் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

எல்லாம் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து, மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். இப்போது ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மறுபடி மூன்று வாரம் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வப்போது வந்து காட்டவும் வேண்டும் என்றார் டாக்டர்.

"குனிஞ்சு பழம் பறிக்கலாமா சார்?" அப்பா கேட்டது அது ஒன்றைத்தான்.

"தாராளமா."

வெளியே நர்ஸ் மேஜை. நின்றேன்.

"சிஸ்டர், அன்னைக்கு அப்பாவுக்குத் தண்ணி குடுத்தது நான்தான்."

"ஏட்டி, சும்மா கெட" என்றார் அப்பா.

"அது தெரியும்," என்றார் நர்ஸ், தலையைத் தூக்காமல். "பாட்டில் உங்க கையிலதான இருந்துச்சு. அவியளத் திட்டினா உங்களுக்கு உறைக்கும்னு பாத்தேன். மூணு வாரத்துக்குத் தாள் தரட்டுமா? எதுல வேணும்?"

"தமிழ்ல குடுங்க," என்றேன். பெருமை அத்தனை லேசில் போகிறதா? "இங்கிலீஷ்லயும் ஒண்ணு."

அப்பா இரண்டையும் வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பஸ்ல எனக்குச் சத்தமா வாசி. ஒரு வரி விடக் கூடாது."