வாளியில் தெரிந்த நேரம்

நேற்று புது வாடகை வீட்டில் குழாயைத் திறந்ததும் துருவாடை அடித்தது. உடனே கொரட்டூரில் இன்று அடுக்குமாடி நிற்கிற இடத்திலிருந்த எங்கள் ஒற்றை அறை வீடும், அதன் கைப்பம்பும், பம்படிச் சிமெண்டில் எவ்வளவு தேய்த்தும் போகாத செங்கறையும் நினைவுக்கு வந்தன. அந்தத் தண்ணீர் அடித்தவுடன் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகும், பொழுது சாய்வதற்குள் டீத்தண்ணீராகிவிடும். என் வெள்ளைச் சட்டை, சோற்றுக்குண்டான், அம்மாவின் நகக்கண் எல்லாம் அந்த நிறம்தான்.

பக்கத்து ஊரான பாடியில் ஒரு கம்பெனிக்கு மதியம் தொடங்கும் இரண்டாம் ஷிப்டு போகும் அம்மா, கிளம்பும்போது எனக்காக ஒரு வாளி அடித்துவைத்துவிட்டுப் போவாள். பள்ளிவிட்டு வந்ததும், பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாளியை எட்டிப் பார்ப்பேன். தண்ணீரின் நிறமே அவள் போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடும்.

ஒருநாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அங்கே அம்மா இல்லை. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு மேரியக்கா பம்படியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்குடா அப்டி ஓடுன?”

“அம்மா இப்பதானேக்கா போச்சு?”

“அது அப்பவே போய்டுச்சி. வாளித் தண்ணி பழுப்பேறிக் கெடந்துச்சி, புள்ள எப்டி மூஞ்சி கழுவும்னு கொட்டிட்டு நான்தான் புதுசா அடிச்சி வச்சேன்.”

அன்று நான் முகம் கழுவவில்லை. அந்தத் தண்ணீர் மஞ்சளாகும்வரை வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.